மூக்கில் இரண்டு சொட்டு: மேடை நடுக்கமும் பெப்டைடு பேச்சும்

கொஞ்ச நாளாக என் இரவு வாசிப்பு முழுக்க இரண்டு பெயர்களைச் சுற்றியே போய்க்கொண்டிருக்கிறது. ஒன்று செலாங்க், இன்னொன்று செமாக்ஸ். இரண்டும் ரஷ்யாவில் பிறந்தவை. இரண்டும் ஏழே ஏழு அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலிகள். இரண்டையும் மூக்கில் சொட்டாக விடுவார்கள். விற்கிறவர்கள் சொல்வது இதுதான்: செலாங்க் பதற்றத்தைக் குறைக்கும், ஆனால் தூக்கம் வராது, பழக்கமாகாது, செமாக்ஸ் கவனத்தைக் கூராக்கும், இரண்டையும் சேர்த்து எடுத்தால் மேடை ஏறும்போது கை நடுங்காது, நேர்காணலில் சொல்ல வந்தது மறக்காது. இதற்கு 'அமைதியான கவனம்' என்று ஒரு பெயரும் வைத்தாயிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்குத்தான் வேண்டாம்?

இவை வெறும் தண்ணீர் என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. என் சண்டை வேறு இடத்தில். மேடை நடுக்கம் என்பது நேரடியாகச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு விஷயம். ஆளை மேடையில் ஏற்றி, மருந்து கொடுத்து, கொடுக்காமல், என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வேறு மருந்துகளை வைத்து இதைச் செய்திருக்கிறார்கள், நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்பே. ஆனால் பெப்டைடு விற்பவர்கள் நம் முன்னால் வைக்கும் ஆதாரங்கள் எல்லாம் வேறு நோய், வேறு ஆட்கள், வேறு கேள்வி. பல நேரம் எலி.

முதலில் அந்தச் சொல்லையே பார்த்துவிடுவோம். பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களின் சங்கிலி, அவ்வளவுதான். 51 அமினோ அமிலங்கள் உள்ள இன்சுலினும் பெப்டைடுதான், ஒன்பது உள்ள ஆக்ஸிடோசினும் பெப்டைடுதான், இன்று உடல் எடை குறைக்க உலகமே துரத்தும் செமாகுளுடைடும் பெப்டைடுதான். ஒன்று சர்க்கரையைக் குறைக்கிறது, ஒன்று பிரசவ வலியைத் தூண்டுகிறது, ஒன்று பசியை அடக்குகிறது. 'பெப்டைடு சிகிச்சை' என்று பொதுவாகச் சொல்வது 'மாத்திரை சிகிச்சை' என்று சொல்வது மாதிரி. எதற்கு, எந்த மாத்திரை என்று கேட்காமல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. ஆனால் செமாகுளுடைடுக்குக் கிடைத்த மரியாதை, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துச் சம்பாதித்த மரியாதை, அந்தச் சொல்லின் வழியாகவே பக்கத்தில் நிற்பவர்களுக்கும் போய்விடுகிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையோடு வந்த கூட்டத்துக்கும் சேர்த்துப் பன்னீர் தெளிக்கிற மாதிரி.

செலாங்கின் பூர்வீகம் சுவாரசியமானது. 1970இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நஜ்ஜாரும் நிஷியோகாவும் ரத்தத்தின் வெள்ளை அணுக்களைத் தூண்டிவிடும் நான்கு அமினோ அமிலத் துண்டு ஒன்றைக் கண்டுபிடித்து, பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்து டஃப்ட்சின் என்று அழைத்தார்கள். நோயெதிர்ப்பு சம்பந்தப்பட்ட சமாசாரம். ஆனால் அது உடம்பில் போன வேகத்தில் நொதிகளால் வெட்டப்பட்டுக் காணாமல் போய்விடும். ரஷ்ய அறிவியல் கழகத்தின் மூலக்கூறு மரபியல் நிறுவனத்தில், அதன் வாலில் புரோலின், கிளைசின், புரோலின் என்று மூன்றைச் சேர்த்துத் தைத்தார்கள். இந்த வால் இருந்தால் நொதிகளுக்கு வெட்டுவது சிரமம். அப்படிப் பிறந்ததுதான் செலாங்க். அதே வாலை வேறொரு துண்டில் தைத்தால் செமாக்ஸ். வேதியியலாகப் பார்த்தால் அழகான வேலை, அதில் சந்தேகமே இல்லை.

இப்போது அந்த ஆதாரம். செலாங்கைப் பற்றி எழுதும் எல்லோரும் கடைசியில் போய் நிற்பது 2008இல் ரஷ்ய மொழி நரம்பியல் இதழ் ஒன்றில் வந்த ஆய்வில். மொத்தம் 62 நோயாளிகள். 30 பேருக்கு செலாங்க், 32 பேருக்கு மெடஸெபாம், அதாவது பென்ஸோடயஸெபைன் வகைப் பழைய மருந்து ஒன்று. பதற்றத்தைக் குறைப்பதில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன, செலாங்க் கூடுதலாகச் சோர்வைப் போக்கி ஒரு சுறுசுறுப்பைத் தந்தது என்பது முடிவு.

இதில் என்னை நிறுத்திய விஷயங்கள் உண்டு. பிளாசிபோ வாங்கிய மூன்றாவது குழு கிடையாது. இரண்டு சின்னக் குழுக்களுக்கு நடுவே வித்தியாசம் தெரியவில்லை என்றால், இரண்டும் சமம் என்று அர்த்தமில்லை. வித்தியாசத்தைப் பிடிக்கும் அளவுக்கு ஆள் போதவில்லை என்றும் இருக்கலாம். சரி, இது சின்ன ஆய்வுகள் எல்லாவற்றிலும் வரும் குறை. நான் அதிக நேரம் செலவழித்தது இன்னொன்றில்: அந்த 62 பேர் யார்?

பொதுவான பதற்ற நோய் உள்ளவர்களும் நியூராஸ்தீனியா உள்ளவர்களும் கலந்திருந்தார்கள். நியூராஸ்தீனியா என்பது 'நரம்புத் தளர்ச்சி' என்று நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவரொட்டிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறதே, கிட்டத்தட்ட அதன் மேல்நாட்டுத் தாத்தா. காரணம் தெரியாத அசதி, எரிச்சல், எதிலும் மனம் ஒட்டாமை. அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 1980 பதிப்பிலேயே அதைக் கைவிட்டுவிட்டது. அந்த நோயாளிகளிடம் 'சோர்வு குறைந்தது, சுறுசுறுப்பு வந்தது' என்றால், நாள் முழுக்கத் துவண்டு கிடந்த ஒருவர் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தார் என்று பொருள். அந்த வரிதான் கைமாறிக் கைமாறி, விற்பனைப் பக்கத்துக்கு வரும்போது 'கவனத்தைக் கூர்மையாக்கும்' என்று ஆகிவிடுகிறது. அசதியில் கிடப்பவருக்குத் தெம்பு வருவதும், நன்றாக இருக்கிற 26 வயதுக்காரர் இன்னும் கூர்மையாவதும் எப்படி ஒன்றாகும்? காய்ச்சல்காரருக்குப் பாரசிட்டமால் சூட்டைக் குறைக்கும். காய்ச்சல் இல்லாதவர் போட்டுக்கொண்டால் ஐஸ் மாதிரி ஆகிவிடுவாரா என்ன?

இன்னொரு விஷயம் கால அளவு. அந்த நோயாளிகளுக்குக் கொடுத்தது நாட்கணக்கில் தொடரும் சிகிச்சை. 'மேடைக்கு இருபது நிமிஷம் முன்னால் இரண்டு சொட்டு' என்ற யோசனை அந்த ஆய்விலிருந்து வரவில்லை.

செமாக்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாலந்தில் டேவிட் டி வீட் என்பவர், ஏசிடிஹெச் என்ற ஹார்மோனின் ஒரு சிறு துண்டு எலிகள் கற்றதை மறக்காமல் வைத்திருக்க உதவுகிறது என்று 1960களில் காட்டினார். அதன்பின் அந்தத் துண்டையும் அதன் உறவுகளையும் மனிதர்களிடம் சோதிக்கும் பெரிய அலை ஒன்று கிளம்பியது. ஆர்கனான் நிறுவனம் ஓஆர்ஜி 2766 என்று ஒன்றைப் பல வருஷம் தூக்கிக்கொண்டு அலைந்தது. கவனத்துக்கோ நினைவுக்கோ கடையில் விற்கும் மருந்தாக அது கரை சேரவேயில்லை. ரஷ்யாவில் மட்டும் அந்தக் கிளை செமாக்ஸாக வளர்ந்தது, பக்கவாதத்துக்குப் பயன்படும் மருந்தாக, அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் பிடிக்கும் அளவுக்கு. இணையத்தில் இதற்கு ஆதாரமாக அதிகம் காட்டப்படுவது 2006 ஆய்வு ஒன்று: எலியின் ஹிப்போகேம்பஸில் பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தை செமாக்ஸ் கூட்டுகிறது என்று. ஓட விட்டாலும் எலிக்கு அது கூடும். அதனால் எலி மேடையில் நன்றாகப் பேசும் என்று யாரும் சொல்வதில்லை.

இப்போது மேடைக்கு வருவோம். மேடை நடுக்கம் என்று நாம் சொல்வதில் பாதி உடம்பு. அட்ரினலின் ஏறுகிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, விரல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது. வயலின்காரருக்கு வில் துள்ளும், பாடகருக்குக் குரல் பிசிறும். அந்த நடுக்கத்தைத் தானே கவனிக்க ஆரம்பிப்பதுதான் மீதிப் பாதி. கவனம் பாட்டிலிருந்து கைக்குப் போய்விடும். 'ஃபோகஸ் இல்லை' என்று புலம்புகிறவர்களில் பலருக்கு ஃபோகஸ் இருக்கிறது, தப்பான இடத்தில் இருக்கிறது.

1977இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. தந்தி வாத்தியக்காரர்களுக்கு ஆக்ஸ்ப்ரெனலால் என்ற பீட்டா பிளாக்கர் ஒரு முறை, வெறும் மாத்திரை ஒரு முறை. எது எது என்று வாசிப்பவருக்கும் தெரியாது, கேட்டு மதிப்பெண் போடுபவருக்கும் தெரியாது. 1982இல் பிரான்டிகன் சகோதரர்களும் ஜோசஃபும் ப்ரோப்ரனலாலை வைத்து இதையே இன்னும் கறாராகச் செய்தார்கள். நடுக்கம் குறைந்தது, வாய் உலர்வதுகூட நின்றது, அனுபவமுள்ள விமர்சகர்கள் காதால் கேட்டே வாசிப்பு மேம்பட்டதாகச் சொன்னார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, அவர்கள் எதிர்த்திசையிலும் சோதித்தது. பீட்டாவைத் தூண்டும் டெர்பூட்டலின், அதாவது ஆஸ்துமாவுக்குத் தரும் மருந்து, கொடுத்தபோது மேடைத் தொல்லை கூடியது. ஒரு பக்கம் தள்ளினால் குறைகிறது, மறு பக்கம் தள்ளினால் கூடுகிறது. காரணம் இதுதான் என்று சொல்ல இதைவிட நேரான வழி எது?

உடனே ப்ரோப்ரனலால் வாங்க ஓடாதீர்கள். அது டாக்டர் சீட்டு வேண்டிய மருந்து, அதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது, இதயத்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பவர்களுக்கும். அமெரிக்க இசைக்குழுக்களில் 1987இல் எடுத்த கணக்கெடுப்பில் 2,212 பேர் பதில் சொன்னார்கள். நூற்றுக்கு 27 பேர் பீட்டா பிளாக்கர் எடுத்ததுண்டு என்றார்கள், அவர்களில் பெரும்பாலோர் சீட்டு இல்லாமல். அது பெருமைப்படும் விஷயம் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு துப்பாக்கி சுடுதலில் வாங்கிய இரண்டு பதக்கங்களையும் ப்ரோப்ரனலால் பறித்துக்கொண்டது. நான் இந்த மருந்தைப் பரிந்துரைக்க இதை எழுதவில்லை. 'மேடை நடுக்கத்துக்கு வேலை செய்கிறது' என்று சொல்ல எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும் என்ற அளவுகோலாக வைக்கிறேன். சாதனம் பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு மேடை, கொஞ்சம் கலைஞர்கள், ஒரே மாதிரித் தோற்றமுள்ள இரண்டு மாத்திரை, கண்ணைக் கட்டிக்கொண்ட நடுவர்கள்.

மூக்கு வழிப் பெப்டைடு எதையுமே பேச்சு மேடைக்குக் கொண்டுபோனதில்லையா? கொண்டுபோயிருக்கிறார்கள். அது ஆக்ஸிடோசின். விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. ஏன் என்று படித்தால் புரியும்.

2005இல் நேச்சர் இதழில் வந்த சூரிச் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. மூக்கில் ஆக்ஸிடோசின் ஸ்ப்ரே அடித்துக்கொண்டவர்கள் பண விளையாட்டில் முன்பின் தெரியாதவரை அதிகம் நம்பினார்கள் என்றது. 'நம்பிக்கை ஹார்மோன்' என்று பெயர் வந்தது, புட்டியில் அடைத்து விற்கவும் ஆரம்பித்தார்கள். 2009இல் ஆஸ்திரேலியாவில் கஸ்டெல்லா குழு, சமூகப் பதற்ற நோய் உள்ள 25 ஆண்களைப் பேச்சுப் பயிற்சிச் சிகிச்சைக்கு உட்படுத்தியது. சிலருக்குச் சிகிச்சையோடு சேர்த்து ஆக்ஸிடோசின் ஸ்ப்ரே, சிலருக்கு வெறும் ஸ்ப்ரே. நாம் கேட்கும் கேள்விக்கு மிக அருகில் வரும் ஆய்வு இது. என்ன ஆயிற்று? ஆக்ஸிடோசின் வாங்கியவர்கள் தங்கள் தோற்றத்தையும் பேச்சையும் பற்றி உயர்வாக நினைத்தார்கள். ஆனால் அந்த நல்ல எண்ணம் நோயின் குறைவாக மாறவில்லை. சிகிச்சை முடிவில் இரண்டு குழுவும் ஒன்றுதான்.

'நான் நன்றாகப் பேசினேன்' என்ற உணர்வும் நன்றாகப் பேசுவதும் இரண்டு தனித்தனி அளவுகள் என்று அந்த 25 பேர் காட்டிவிட்டார்கள். செலாங்க், செமாக்ஸ் பற்றி இணையத்தில் கிடைக்கும் அனுபவக் கதைகள் எல்லாமே முதல் வகை. இரண்டாவதை அளக்க வெளியாள் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆக்ஸிடோசினின் மீதிக் கதையும் படிப்பினைதான். 2020இல் நம்பிக்கை ஆய்வை 600 பேருக்கும் மேல் வைத்துத் திரும்பச் செய்தார்கள், 2005 ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் ஃபெரும் அதில் சேர்ந்தே. எதிர்பார்த்த விளைவு வரவில்லை. தன் பழைய கண்டுபிடிப்பைத் தானே உட்கார்ந்து உடைத்துப் பார்க்கிற நேர்மைக்கு ஒரு கும்பிடு. 2021இல் ஆட்டிசம் உள்ள 290 குழந்தைகள், 24 வாரம், தினமும் ஸ்ப்ரே. வெறும் ஸ்ப்ரேயைவிட ஒன்றும் கூடுதல் பயன் இல்லை. இதற்கு நடுவில் 2016இல் லெங்கும் லுட்விக்கும் அடிப்படைக் கேள்வியையே கேட்டார்கள்: மூக்கில் அடித்ததில் எவ்வளவு மூளைக்குப் போகிறது? மிக மிகக் கொஞ்சம். மீதி ரத்தத்தில் கலக்கிறது. ஒன்பது அமினோ அமிலச் சங்கிலிக்கு, உலகம் முழுக்க எத்தனையோ ஆய்வகங்கள் பதினைந்து வருஷம் உழைத்த பிறகு வந்த நிலைமை இது. ஏழு அமினோ அமிலச் சங்கிலிக்கு ஒரு 62 பேர் ஆய்வை வைத்துக்கொண்டு இவ்வளவு உறுதியாகப் பேசுகிறோம்.

என் அக்கா மகன் முனைவர் பட்ட வைவாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் இந்த வாசிப்பே ஆரம்பித்தது. ஒரு நாள் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி, அடியில் துளி வெள்ளைத் தூள்.

"மாமா, இது ரஷ்யால மருந்துக் கடையிலயே விக்கிறாங்களாம். அப்ப சேஃப்தானே?"

"அங்க கடையில விக்கிறது சொட்டு மருந்துடா மாப்ளே. நீ அனுப்பினது தூள். லேபிள்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சியா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று போட்டிருந்தது. ஆனால் அதே பக்கத்தில் மூக்கு ஸ்ப்ரே புட்டியும் தனியாக விற்றார்கள். யாருடைய மூக்குக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

"99 பர்சென்ட் ப்யூரிட்டின்னு சர்டிபிகேட் குடுத்திருக்காங்க மாமா" என்றான் அடுத்து.

இந்த 99ஐப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தச் சோதனை, கரைசலில் இருக்கும் பெப்டைடு வகைப் பொருட்களைப் பிரித்து, அவற்றில் நாம் கேட்ட பெப்டைடு எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. தூளில் கலந்திருக்கும் உப்பும் ஈரமும் அந்தக் கணக்கில் வராது. ஆக 99 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் குப்பியில் 5 மி.கி. என்றால் 5 மி.கி. பெப்டைடு இருக்கும் என்று நிச்சயம் இல்லை. கிருமி இல்லையா என்பது முற்றிலும் வேறு சோதனை. வீட்டில் தண்ணீர் கலந்து, ஸ்ப்ரேயில் ஊற்றி, பல நாள் மூக்கில் வைத்து எடுக்கும் ஒன்றுக்கு அதுதான் முதலில் கேட்க வேண்டியது. அந்தச் சான்றிதழ் இந்தக் குப்பிக்குத்தானா என்பது அதற்கும் முன்னால். 2023இல் அமெரிக்க எஃப்டிஏ, மருந்தகங்கள் தாங்களே கலந்து கொடுக்கும் மூலப்பொருட்களில் செலாங்கையும் செமாக்ஸையும் பாதுகாப்புக் கவலை உள்ளவை என்ற பிரிவில் போட்டதற்குச் சொன்ன காரணங்களும் ஏறக்குறைய இந்தத் திசையில்தான்: பெப்டைடு அசுத்தங்கள், நோயெதிர்ப்பு மண்டலம் எதிர்வினை காட்டும் வாய்ப்பு, மனிதர்களிடம் போதிய தகவல் இல்லாமை. பட்டியலில் பெயர்கள் அதன்பிறகு இடம் மாறியிருக்கின்றன. மாறியது விண்ணப்பங்கள் சம்பந்தப்பட்ட காரணத்தால்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. பையில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போக மாட்டான். ஆக, மேடையில் நிரூபணமான மருந்து அவனுக்கு ஆகாது. நிரூபணமாகாதது ஆகுமா ஆகாதா என்று யாருக்கும் தெரியாது. இதுதான் உண்மையான சிக்கல், 'பெப்டைடு எல்லாம் ஏமாற்று வேலை' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் தாண்டிப்போகும் இடமும் இதுதான். இந்தப் பக்கம் வருகிறவர்கள் சோம்பேறிகள் கிடையாது. ஐந்து வருஷ உழைப்பு நாற்பது நிமிஷத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு வீணாகிவிடுமோ என்று ராத்திரி இரண்டு மணிக்குத் தேடுகிறவர்கள். அந்த நேரத்தில் யார் உறுதியான குரலில் பேசுகிறார்களோ அவர்கள் பேச்சு காதில் ஏறும். மருத்துவர்கள் 'டென்ஷன் ஆகாதே, எல்லாம் சரியாப் போகும்' என்று அனுப்பிவிடுவதும் இந்தக் குப்பிகள் விற்பதற்கு ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

எடுத்துப் பார்த்தவர்கள் 'எனக்கு வேலை செய்தது' என்கிறார்களே என்று கேட்கலாம். பேச்சு ஆரம்பிக்கும் தருணத்தில்தான் இதயத்துடிப்பு உச்சத்தில் இருக்கும், பேசப்பேச அதுவே இறங்கும். மருந்து எடுத்தாலும் இறங்கும், எடுக்காவிட்டாலும் இறங்கும். முதல் தடவை எடுத்தவருக்கு அந்த இறக்கம் சொட்டின் கணக்கில் எழுதப்படும். மூக்கில் சுருக்கென்று ஏதோ ஏறினால் 'உள்ளே போய்விட்டது' என்ற நம்பிக்கையும் கூடவே ஏறும். இந்த நம்பிக்கையின் பலத்தைக் குறைவாக எடைபோடக் கூடாது. 2014இல் ஆலிசன் உட் புரூக்ஸ் செய்த சோதனைகளில், பாடுவதற்கோ பேசுவதற்கோ முன்னால் 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். துடிப்பை அடக்காமல் அதற்கு வேறு பெயர் வைத்ததற்கே இவ்வளவு. இப்படி ஒரு வாக்கியத்துக்கே அசைகிற ஒன்றை வைத்து, பிளாசிபோ குழு இல்லாமல் எந்த மருந்தைப் பற்றியும் எதையும் சொல்ல முடியாது.

அவன் குப்பியை வாங்கவில்லை. நான் சொன்னதாலா, கஸ்டம்ஸ் பயத்தாலா தெரியாது. வைவாவுக்கு முந்தின மூன்று வாரமும் அவன் துறையில் தெரிந்தவர், தெரியாதவர், திட்டுவதில் பேர்போன ஒரு சீனியர் என்று எல்லார் முன்னாலும் அதே நாற்பது நிமிஷத்தைப் பேசிப் பார்த்தான். அன்றைக்குக் கை நடுங்கியதாம். தண்ணி டம்ளரை இரண்டு கையால் பிடித்துக் குடித்தானாம்.

செலாங்க் மேடைக்கு உதவுமா என்று தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம் இல்லை. அறுபது வாத்தியக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கச்சேரி, நடுவில் இரண்டு வாரம். ஒரு நாள் செலாங்க், ஒரு நாள் அதே எரிச்சல் தரும் உப்புத் தண்ணீர், எது எது என்பது குறியீட்டில். இதயத்துடிப்பை ஒரு பட்டை எடுத்துக்கொள்ளும். பதிவை மூன்று பேர் பெயர் தெரியாமல் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். வாசித்தவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். 1977இல் முடிந்த வேலை இது. இந்தக் குப்பிகளை விற்கிறவர்கள் ஒரு மாத விளம்பரச் செலவில் இதை நடத்திவிடலாம்.